தீவட்டி பிடித்தவர்கள்: சரித்திரக் கதைகளின் சுரங்க வழிகளும் நமது பொதுவழியும்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாக நடக்கும் உரையில் சரித்திரக் கதைகளில் வரும் சுரங்கப் பாதைகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னபோது, அமைப்புத் தோழர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தோழர், அது பொழுதுபோக்குச் சமாச்சாரம் இல்லையா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதிலைப் பண்டிதரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற பெயரில் பண்டிதர் ஒரு வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 'இந்திரர் தேச சரித்திரம்' அந்த இதழில்தான் தொடராக வந்தது. அந்த நூலில் அடிக்கடி வரும் சொல் 'வேஷம்'. வேஷம் போட்டவர்கள் அரசர்களை வஞ்சித்தார்கள், நாட்டின் அறத்தைப் புரட்டினார்கள், எதிர்த்தவர்களைத் தாழ்ந்தவர்கள் என்று எழுதி வைத்தார்கள் என்பது அவர் சொல்லும் சரித்திரம். நந்தனை அவர் பௌத்த அரசனாக, சூழ்ச்சியால் கொல்லப்பட்டவனாக எழுதினார். மாறுவேடம், வஞ்சகம், அரண்மனைச் சூழ்ச்சி ஆகிய எல்லாமே சரித்திரக் கதைக்காரர்கள் கையாளும் பொருள்கள். பண்டிதர் அதே பொருள்களைக் கையில் எடுத்து வேறொரு கேள்வியைக் கேட்டார்: சூழ்ச்சி செய்தவன் யார், பழி விழுந்தது யார்மேல்? இன்று அந்தக் கேள்வியைக் கொண்டு நமக்குப் பிரியமான ஒரு நாவலை வாசிக்கப்போகிறோம்.

ஏன் இந்த நாவல்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950களின் முதல் பாதியில் வார இதழில் தொடராக வந்தது. 2022இலும் 2023இலும் திரைப்படமாக வந்தபிறகு நம் விடுதிகளில் அதை வாசிக்காத மாணவர் குறைவு. வாசிக்கட்டும். நானும் பதினாறு வயதில் ராத்திரி முழுக்க விழித்து வாசித்தவள்தான். அந்த வேகமும் சுவையும் எனக்குப் பிடிக்கும். அதைக் கொளுத்தச் சொல்ல நான் இங்கே வரவில்லை.

ஆனால் வாசிப்பு வட்டங்களில் பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. "அக்கா, இந்தக் கதையில நம்ம ஆளு யாரு?" இன்னொரு பக்கம், ஒவ்வொரு சாதிச் சங்கமும் ராஜராஜன் எங்கள் ஆள் என்று சுவரொட்டி ஒட்டுகிறது. ஐப்பசி சதயத்தன்று மாலையோடு வரிசையில் நிற்கிறார்கள். நம் பிள்ளையின் கேள்வியும் மெல்ல அந்தப் பக்கம் சாய்கிறது: "நாமளும் ஆண்டவங்கதானே அக்கா?" இது விளையாட்டுக் கேள்வி இல்லை. நாம் நம்மை எதைக்கொண்டு மதிப்பது என்பதே இதில் அடங்கியிருக்கிறது. அரியணைப் பக்கம் பார்க்காமல் இருட்டு வழிப் பக்கம் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

வழி என்பது ஒரு சமூக வரைபடம்

தமிழில் நடைவழிக்குத்தான் எத்தனை பெயர்கள்! இடைகழி, ரேழி, தாழ்வாரம், ஆளோடி, திருச்சுற்று, நிலவறை, சுரங்கம். சமூகவியல் மாணவர்கள் ஒரு பழைய வீட்டின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாசல், திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை. எந்தச் சாதிக்காரர் எதுவரை வரலாம் என்பதை அந்த வரிசை சொல்லிவிடும். திண்ணையோடு நின்றவர்கள் உண்டு, முற்றம்வரை போனவர்கள் உண்டு. தெருவுக்கே வர முடியாதவர்களும் உண்டு.

திருக்கோவலூர் இடைகழிக் கதை உங்களுக்குத் தெரியும். மழை இரவு. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் நெருக்கி நிற்கிறார்கள். நான்காவதாக ஒருவர் நெருக்குகிறார். பார்த்தால் பெருமாள். அழகான கதைதான். நான்காவதாக நெருக்கியவர் சேரியிலிருந்து மழைக்கு ஒதுங்க வந்தவராக இருந்திருந்தால் அந்த இடைகழியில் என்ன நடந்திருக்கும்? நம் வீட்டுப் பிள்ளைக்கு முதலில் தோன்றும் கேள்வி இது. அது தோன்றுவதில் தவறு எதுவும் இல்லை.

சூழ்ச்சிக்கு மூன்று பேர் வேண்டும்

இப்போது நாவலுக்குள் போவோம். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுகிறார்கள். வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்கிறான். தஞ்சையில் பழுவேட்டரையர் அரண்மனையின் நிலவறைக்குள் அவன் வழிதெரியாமல் மாட்டிக்கொள்கிறான். குவிந்து கிடக்கும் பொற்காசுகளைப் பார்க்கிறான். மீண்டும் கடம்பூரில், வேட்டை மண்டபத்திலிருந்து போகும் ரகசிய வழி ஆதித்த கரிகாலன் கொலைவரை கதையை இழுத்துப் போகிறது.

இந்த வழிகளைக் கல்கி எங்கும் நேரில் பார்த்திருக்க முடியாது. சோழர் அரண்மனை எதுவும் இன்று நிற்கவில்லை. தஞ்சையில் நாம் பார்க்கும் அரண்மனை நாயக்கர், மராட்டியர் காலத்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேட்டைத் தோண்டியபோது செங்கல் சுவர்களின் அடிப்பகுதிகள்தான் கிடைத்தன. ஆகவே இந்தச் சுரங்கங்கள் முழுக்கக் கற்பனை. கற்பனை என்பதால்தான் அவற்றை நாம் கவனிக்க வேண்டும். கல்வெட்டு சொல்லாத இடத்தை எழுதுகிறவர் தன் காலத்துச் சமூக அறிவைக் கொண்டுதான் நிரப்புவார்.

ஒரு சுரங்க வழி கதையில் வேலை செய்ய வேண்டுமானால் குறைந்தது மூன்று பேர் வேண்டும். அதைத் தோண்டியவர் ஒருவர். அதில் தீவட்டி பிடித்து முன்னே நடப்பவர், கூட்டித் துடைப்பவர், கதவு திறப்பவர் என்று ஒருவர். ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்பவர் ஒருவர். சரித்திர சாகசக் கதை மூன்றாமவரின் கண்ணைத்தான் நமக்குக் கொடுக்கிறது. முதலாமவர் கதைக்குள்ளேயே வருவதில்லை. இரண்டாமவர் வெளிச்சத்தை ஏந்தி வந்தாலும் அந்த வெளிச்சம் அவர் முகத்தில் விழுவதில்லை.

அவர் முகம் தெரிகிற சமயங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடம்பூர் மாளிகைப் பணியாள் இடும்பன்காரி. மாளிகையின் ரகசியங்கள் அவனுக்குத் தெரியும். அதனால் அவன் சதிகாரன். வந்தியத்தேவன் அடுத்தவர் வீட்டில் ஒட்டுக்கேட்டால் அது துணிச்சல். இடும்பன்காரி தான் வேலை செய்யும் வீட்டின் வழியை அறிந்திருந்தால் அது துரோகம். செயல் ஏறக்குறைய ஒன்றுதான். செய்கிறவன் யார் என்பதை வைத்துத்தான் அதன் பெயர் மாறுகிறது.

கல்வெட்டில் இருந்தவர்கள்

இங்கேதான் பண்டிதரின் கேள்வி கைகொடுக்கிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் அதில் வருகிறார்கள். ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்றும் பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்றும் பட்டங்கள். பிரமாதிராஜன் என்பது பிராமண அதிகாரிகளுக்கு அரசர் கொடுத்த உயர்ந்த பட்டம். அவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் வைத்திருந்த உடைமைகளைப் பற்றிய அரசாணை சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போகிறது. அந்தக் கொலைக்குப் பின்னால் வேறு யார் இருந்தார் என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். நமக்கு இங்கே முக்கியமானது வேறு. கல்லில் இருப்பவர்கள் பட்டம் பெற்றவர்கள், நிலம் உடையவர்கள், முன்வாசல் வழியாக அரண்மனைக்குள் போய்வரக்கூடியவர்கள். அவர்களுக்குச் சுரங்கம் தேவைப்பட்டிருக்காது.

நாவலில் அதே பெயர்களை நாம் எந்தக் கோலத்தில் சந்திக்கிறோம்? ரவிதாசன் மந்திரவாதி. பரமேசுவரன் தேவராளனாக வந்து வெறியாட்டம் ஆடுகிறவன். சோமன் சாம்பவன் அரண்மனை இருட்டில் வேலோடு பதுங்கியிருப்பவன். காடு, சுடுகாடு, ஆந்தைக் குரல், கொல்லைப்புறம் ஆகியவைதான் அவர்களுடைய இடங்கள். பட்டத்து அதிகாரிகளாக இருந்தவர்கள் கதைக்குள் வரும்போது சாமியாடியாகவும் மாந்திரீகனாகவும் இறங்கிவிட்டார்கள். சூழ்ச்சியின் முகவரி சபையிலிருந்து சேரிப் பக்கம் நகர்ந்துவிட்டது.

சாம்பவன் என்ற சொல்லுக்குச் சிவனைச் சார்ந்தவன் என்ற பொருளும் உண்டு. கல்கி உள்நோக்கத்தோடு செய்தார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. சாகசக் கதைக்கு மர்மம் வேண்டும். மர்மம் என்றதும் எழுதுகிறவரின் கைக்குத் தானாக எட்டிய உருவங்கள் இவை என்பதுதான் நான் சொல்வது. ஆனால் தென்மாவட்டத்தில் ஒரு சாம்பவர் வீட்டுப் பிள்ளை அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது அவள் மனதில் என்ன ஓடும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இது கதையோடு முடிகிற விஷயமும் இல்லை. ஒரு வீட்டில் நகை காணாமல் போனால் முதலில் யாருடைய பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள்? அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் தனி லிஃப்ட்டில்தான் ஏற வேண்டும் என்று ஏன் எழுதி வைக்கிறார்கள்? உள்வழி தெரிந்த ஏழை ஆபத்தானவர் என்ற எண்ணம் நாவல் படிக்காத வீடுகளிலும் இருக்கிறது. நாவல் அதற்குச் சுவை கூட்டிக் கொடுக்கிறது.

அரச மச்சம்

இதற்கு மறுபக்கமும் அதே நாவலில் உண்டு. சேந்தன் அமுதன் பூக்கட்டும் எளியவன், வாய்பேசாத தாயால் வளர்க்கப்பட்டவன். கதை நெடுக அவன் நல்லவன். கடைசியில் தெரிகிறது, அவன்தான் செம்பியன் மாதேவியின் மகன், உண்மையான மதுராந்தகன். அவனைப் படிக்கும்போது நாம் கண்கலங்குகிறோம். பிறகு யோசித்தால் வலிக்கிறது. பூக்கட்டுபவன் பூக்கட்டுபவனாகவே இருந்துகொண்டு நல்லவனாக இருக்க இந்த வகைக் கதை இடம் கொடுக்கவில்லை. அவனுடைய நல்ல குணத்துக்குக் காரணம் ரத்தத்தில் இருந்தாக வேண்டும்.

மந்தாகினியைப் பாருங்கள். கரையோரத்துப் பெண், பேச முடியாதவள். தஞ்சை அரண்மனையின் சுரங்க வழியில் கொலைகாரனைத் தொடர்ந்து போகிறாள். அரசர்மேல் பாய வந்த வேலைத் தன் உடம்பில் வாங்கிச் சாகிறாள். முன்வாசல் வழியாக ஒரு நாளும் ராணியாக நுழைய முடியாதவளுக்கு இருட்டு வழி திறந்தது, அரசருக்காகச் சாவதற்கு.

ஆக, தாழ்ந்த இடத்தில் இருப்பவருக்கு இந்த வழிகளில் மூன்று கதிகள்தான்: சதிகாரர், தியாகி, மறைந்திருக்கும் அரச வாரிசு. "நாமளும் ஆண்டவங்கதானே" என்ற கேள்வி இந்த மூன்றாவது கதியிலிருந்துதான் பிறக்கிறது. பண்டிதரும் நந்தனை அரசன் என்றுதானே எழுதினார் என்று நீங்கள் கேட்கலாம். பிறப்பிலேயே இவர்கள் இழிந்தவர்கள் என்று ஊரே சொன்ன காலம் அது. இழிவு இடையில் வந்தது, அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று நிறுவ அவர் அப்படி எழுதினார். கிரீடம் சூட்டிக்கொள்ள அவர் அதை எழுதவில்லை. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் நாமும் சதயத்துக்கு மாலை வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கையால் தோண்டிய வழி

இந்தக் கதை வகை நமக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதை உலகமெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமா. நம் மாணவர்கள் பலருக்கு அவரைப் பற்றி ஒரு செய்தி தெரியாது. அவருடைய பாட்டி மரி செசெத் இன்றைய ஹைட்டியில் அடிமையாக இருந்த கறுப்பினப் பெண். அவருடைய அப்பா அந்த அடிமைத் தாய்க்குப் பிறந்து, பிரெஞ்சுப் படையில் ஜெனரலாக உயர்ந்தவர், இத்தாலியில் சிறையில் வாடியவர். துமா புகழின் உச்சியில் இருந்த 1845இலேயே அவருடைய நிறத்தையும் வம்சத்தையும் இழித்து ஒருவர் துண்டு நூல் வெளியிட்டார். பாரீசின் அரண்மனைத் தாழ்வாரங்களில் வாள்வீரர்களை உலவவிட்டவர் ஓர் அடிமைப் பெண்ணின் பேரன்.

அவருடைய 'மான்டி கிறிஸ்டோ கோமகன்' கதையில் வரும் சுரங்கம் வேறு மாதிரியானது. எட்மண்ட் டான்டே என்ற இளம் மாலுமி செய்யாத குற்றத்துக்காகத் தீவுச் சிறையில் அடைக்கப்படுகிறான். பக்கத்து அறையில் ஃபாரியா என்ற முதிய பாதிரியார். அவர் தானே செய்த கருவிகளால் வருஷக்கணக்கில் சுவரைக் குடைகிறார். கடல் பக்கம் திறக்கும் என்று போட்ட கணக்கு தப்பி, வழி டான்டேயின் அறையில் வந்து திறக்கிறது. அந்த வழியாகத்தான் அவர் அவனுக்கு மொழிகளையும் கணக்கையும் சரித்திரத்தையும் கற்றுக்கொடுக்கிறார். தன்னை யார் சிறைக்கு அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்பதும் அவனுக்கு அப்போதுதான் விளங்குகிறது. கடைசியில் அவன் தப்பிப்பதுகூட அந்தச் சுரங்கத்தின் வாயில் வழியாக இல்லை. இறந்துபோன ஃபாரியாவின் சாக்குக்குள் தன்னைத் தைத்துக்கொண்டு, பிணமாகக் கடலில் வீசப்பட்டுத் தப்புகிறான். சுரங்கம் அவனுக்குக் கொடுத்தது படிப்பு.

அரசனுக்காக யாரோ தோண்டிய சுரங்கம் ஒன்று. அடைபட்டவர் தன் கையால் தோண்டியது இன்னொன்று. இரண்டாவதில் தோண்டியவருக்குப் பெயர் உண்டு, அவருடைய வேலை நமக்குக் கண்ணால் தெரிகிறது. ஆனாலும் டான்டேயும் வெளியே வந்தபின் கோமகன் வேஷம்தான் போட வேண்டியிருந்தது. மாலுமி மாலுமியாகவே வந்து நியாயம் கேட்கும் கதையைத் துமாவும் எழுதவில்லை.

நமக்குத் தெரிந்த ரகசிய வழிகள்

தஞ்சைப் பெரிய கோயிலில் உண்மையான சோழர் காலத்து இருட்டு வழி ஒன்று இருக்கிறது. கருவறையைச் சுற்றி விமானத்தின் உள்ளே ஓடும் சுற்றுவழி. நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தது அங்கேதான். அதே கோயிலின் கல்வெட்டுகள் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று பட்டியல் இடுகின்றன. நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் பெயர் பெயராக வருகிறார்கள். விளக்கேற்றுபவர், நீர் தெளிப்பவர், வண்ணார், நாவிதர் ஆகியோருக்கும் பங்கு இருக்கிறது. நாவல் மறந்த விளக்குக்காரரைக் கல் மறக்கவில்லை. ஆனால் அதே கோயிலின் இன்னொரு கல்வெட்டைப் படியுங்கள். ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது. அங்கே வாழ்ந்தவர் ஒருவரின் பெயரும் அதில் கிடையாது. ராஜராஜன் யார் ஆள் என்று கேட்பவர்களிடம் இந்த வரிசையைக் காட்டுங்கள்.

கிட்டத்துக் காலத்துக்கு வந்தால், பழைய நகரங்களில் இரண்டு வரிசை வீடுகளின் கொல்லைகளுக்கு நடுவே ஒரு குறுகிய சந்து ஓடும். எடுப்புக் கக்கூஸ்களைச் சுத்தம் செய்ய நம் அம்மாக்கள், பாட்டிகள் விடியும் முன் வாளியோடும் முறத்தோடும் போய்வந்த வழி அது. அந்த வீட்டு மனிதர்கள் கண்ணில் படாமல் வர வேண்டும், படாமல் போக வேண்டும். கதைக்காரர்கள் கற்பனை செய்த ரகசிய வழியை இந்த நாடு நிஜமாகவே கட்டி வைத்திருந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. இன்றும் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியவர் பிணமாக வெளியே வருவதைச் செய்தியில் பார்க்கிறோம். நகரத்தின் உண்மையான சுரங்கத்தில் இறங்குகிறவர் யார் என்று நமக்குத் தெரியும். அந்தச் சந்தில் நடந்த பாட்டிக்கு ஒவ்வொரு வீட்டின் நோயும் தெரியும், பசியும் தெரியும், மறைத்த பிள்ளைப்பேறும் தெரியும். சரித்திரக் கதை எழுத வேண்டுமென்றால் அவள் கண்ணிலிருந்து எழுதுங்கள். அவளைச் சதிகாரி ஆக்காதீர்கள், தியாகி ஆக்காதீர்கள். கடைசி அத்தியாயத்தில் அவள் காலில் அரச மச்சத்தைக் கண்டுபிடிக்காதீர்கள்.

நம் முன்னோடிகள் கேட்டது என்ன? 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்கள், பொதுக் கட்டடங்கள் எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம் நடந்தது. 1927இல் மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் பட்டப்பகலில் மக்களோடு நடந்துபோய்ப் பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். 2008 மே மாதம் உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி திறந்தது. இவற்றில் எதிலும் யாரும் ரகசிய வழி கேட்கவில்லை. தங்கள் குலத்தில் அரசர் இருந்தார் என்று சான்று காட்டி அனுமதி கேட்கவும் இல்லை. மனிதர் நடக்கும் வழியில் மனிதராக நடக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

மாணவர்களே, 'பொன்னியின் செல்வன்' படியுங்கள், துமாவைப் படியுங்கள். படிக்கும்போது இருட்டு வழி வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, இதைத் தோண்டியது யார், விளக்குப் பிடித்தது யார், சந்தேகம் யார்மேல் விழுகிறது என்று மூன்று கேள்விகளை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகளோடு அடுத்த மாத வாசிப்பு வட்டத்துக்கு வாருங்கள். அங்கிருந்து உங்களில் ஒருவர் எழுதத் தொடங்கினால், இந்த நினைவுச் சொற்பொழிவு பண்டிதருக்குச் செய்யும் மரியாதை அதுவாக இருக்கும்.